கல்வெட்டு என்னும் சிறுநூல்: அச்சின் நிலைபேறு பற்றிக் கொக்கிளாயை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

அச்சு ஊடகம் அழிந்து வருகின்றது என்ற கூற்று இன்று நம்மிடையே ஐயத்துக்கிடமற்ற உண்மைபோல வழங்கி வருகின்றது. நாளேடுகளின் விற்பனை குறைந்து செல்வதும், சஞ்சிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோவதும், இளந்தலைமுறையினர் தமது வாசிப்பின் பெரும்பகுதியைக் கைத்தொலைபேசித் திரையிலேயே நிறைவுசெய்துகொள்வதும் இக்கூற்றுக்குச் சான்றுகளாக எடுத்துக்காட்டப்படுகின்றன. இதற்கு மறுதலையாக, புதிய நூலின் மணத்தையும் தாளின் தொடுகையையும் புத்தக அலுமாரியின் பொலிவையும் வியந்துரைத்து, அச்சுநூல் என்றும் அழியாது என வாதிடுவோரும் உளர். மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்விரு சாராரும் எதிரெதிர் நிலைப்பாட்டினர் போலத் தோன்றினும், அடிப்படையில் இவர்களிடையே ஓர் ஒற்றுமை உண்டு. இரு சாராரும் அச்சினை ஒரு பொருளாகவே காண்கின்றனர். ஒரு சாரார் அப்பொருள் பழையதாகிவிட்டது என்கின்றனர். மறுசாரார் பழையதாயினும் இனியது என்கின்றனர். அச்சு என்பது எழுதுவோர், அச்சிடுவோர், வழங்குவோர், பெற்றுக்கொள்வோர் ஆகியோரிடையே நிலவும் ஒரு சமூக உறவு என்பது இரு சாராரின் கவனத்துக்கும் வரவில்லை.

இக்கட்டுரையிலே அச்சின் நிலைபேற்றினை அவ்வுறவின் அடிப்படையில் வைத்து நோக்க முற்படுகின்றோம். இதற்கு யாழ்ப்பாணத்தையோ கொழும்பையோ சென்னையையோ நாம் தெரிந்துகொள்ளவில்லை. அச்சகங்களும் பதிப்பகங்களும் புத்தகசாலைகளும் மலிந்த நகரங்களிலே அச்சின் கவர்ச்சியை விளக்குவது எளிது. பழக்கமும் வணிகமும் கௌரவமும் அங்கு அதனைத் தாங்கி நிற்கின்றன. அத்தகைய தாங்குகோல்கள் இல்லாத ஓரிடத்தில் அச்சு எவ்வாறு நின்று நிலவுகின்றது என வினவும்போதே அதன் உள்ளியல்பு புலப்படும். அவ்வாறான ஓரிடமாகக் கொக்கிளாயைக் கொள்கின்றோம்.

2

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கரைதுறைப்பற்றுப் பிரதேசத்தில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்தது கொக்கிளாய். களப்பின் மறுகரையிலே புல்மோட்டை. அங்கே திருகோணமலை மாவட்டம் தொடங்குகின்றது. வடக்கு மாகாணமும் கிழக்கு மாகாணமும் ஒன்றையொன்று தொடும் இடம் இது. கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய அயற்கிராமங்களோடு சேர்த்தே இதன் வரலாறு பேசப்படுதல் வழக்கம். மீன்பிடியும் வயலும் சேனைப்பயிரும் இம்மக்களின் சீவனோபாயம்.

1984ஆம் ஆண்டின் இறுதி இப்பகுதியின் வரலாற்றைப் பிளந்துவிட்டது. நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கென்ட், டொலர் பண்ணைகளிலும் கொக்கிளாய், நாயாறு மீனவக் குடியிருப்புகளிலும் சிங்களக் குடிமக்கள் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்த படை நடவடிக்கைகளில் தமிழ்க் குடிமக்கள் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் தமது கிராமங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். முள்ளியவளையிலும் முல்லைத்தீவின் பிற பகுதிகளிலும் தங்கிய அவர்களுள் ஒரு பகுதியினர் பின்னர் கடல்கடந்தும் சென்றனர். 2009இல் போர் முடிவுற்ற பின்னரே மீள்குடியேற்றம் இயல்வதாயிற்று. கால் நூற்றாண்டுக்கு மேலாக இக்கிராமங்கள் தம் மக்களிடம் பெயரளவிலேயே வாழ்ந்தன.

மீண்டு வந்தோர் எதிர்கொண்ட முதற்பிரச்சினை தாள் பற்றியதாகும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்கள், உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள் முதலியன பலரிடம் இருக்கவில்லை. மீண்டும் மீண்டும் ஓடிய ஓட்டத்தில் அவை தொலைந்தன, நனைந்தன, எரிந்தன. தாள் இல்லாதவன் தனது நிலத்திலேயே வழக்காளியாக நிற்க நேர்ந்தது. இந்த அனுபவம் உள்ள ஒரு சமூகத்திடம் சென்று, தாளின் காலம் முடிந்துவிட்டது என்று எவரும் எளிதிற் கூறிவிட முடியாது.

3

இவ்வாறான ஒரு கிராமத்து வீட்டில் இன்று காணக்கூடிய அச்சுப் பொருள்கள் எவை? பிள்ளைகளின் பாடநூல்கள் இருக்கும். 1980 தொடக்கம் அரசு அவற்றை இலவசமாக வழங்கி வருகின்றது. சுவரில் நாட்காட்டி தொங்கும். பஞ்சாங்கமோ செபப் புத்தகமோ இருக்கும். நாவல்களும் கவிதைத் தொகுதிகளும் அருமை. ஆயின் இவற்றோடு, பெட்டியின் அடியிலோ சுவாமித் தட்டின் அருகிலோ, மெல்லிய சிறுநூல்கள் சில பேணி வைக்கப்பட்டிருக்கும். இறந்தவரின் நிழற்படத்தை அட்டையிலே தாங்கிய அந்நூல்களை நம் மக்கள் ‘கல்வெட்டு’ என வழங்குவர்.

ஈழத்தமிழர் அல்லாத வாசகருக்கு இச்சொல் மயக்கந் தரக்கூடும். சாசனவியலார் கூறும் கல்வெட்டு இதுவன்று. ஒருவர் இறந்து முப்பத்தொராம் நாளிலே, அந்தியேட்டிக் கிரியையும் வீட்டுக்கிருத்தியமும் நிகழ்ந்து, உற்றார் உறவினர் மதியபோசனத்துக்குக் கூடும் வேளையில் கையளிக்கப்படும் நினைவு நூலே இது. தேவாரத் திருப்புராணங்கள், இறந்த திதியை வரையறுத்துக் கூறும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் மருமக்கள் புலம்புவதாக அமைந்த செய்யுள்கள், வம்சாவளி, நன்றி நவிலல் என்பன இதன் உறுப்புகள். கிறித்தவக் குடும்பங்கள் தத்தம் வழிபாட்டு மரபுக்கேற்ப நினைவு மலர் என இதனை வெளியிடுவதுண்டு.

நமது திறனாய்வாளர் இவ்வகை நூல்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. காரணம் வெளிப்படை. அவற்றின் செய்யுள்கள் வாய்பாட்டுத் தன்மையன. ஒரே புலம்பல் பெயர் மாறிப் பல வீடுகளுக்குப் போவதுண்டு. இறந்தவர் அனைவரும் உத்தமராகவே சித்திரிக்கப்படுவர். இலக்கிய மதிப்பீட்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவற்றைப் புறக்கணிப்பதே நியாயமாகத் தோன்றும். ஆயின் அச்சுப் பண்பாட்டை ஆராய்வோன் வினவ வேண்டியது வேறு. கைத்தொலைபேசி ஊரெங்கும் பரந்து, மரண அறிவித்தல் சில நிமிடங்களில் உலகெங்கும் சென்று சேர்ந்துவிடும் இக்காலத்திலும், கடன்பட்டேனும் ஒரு குடும்பம் இச்சிறுநூலை ஏன் அச்சிடுகின்றது?

இது வெறும் சடங்கு மரபின் எச்சம் எனச் சிலர் விடையிறுக்கலாம். இவ்விடை போதுமானதன்று. நம் ஈமச் சடங்குகளில் வாழ்க்கைத் தேவையை இழந்தவை பல நம் கண்முன்னே தேய்ந்து மறைந்துள்ளன. கூலிக்கு மாரடித்தல் மறைந்தது, ஒப்பாரி அருகிற்று. கல்வெட்டோ மறையவில்லை. இடப்பெயர்வின் பின்னர் அது புதிய பணியொன்றினை மேற்கொண்டது.

அப்பணியை விளங்கிக்கொள்ள ஒரு வாய்பாட்டை நோக்குதல் போதும். மரண அறிவித்தலிலும் கல்வெட்டிலும் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என எழுதுவது நம் வழக்கு. இடம்பெயராத சமூகத்தில் இவ்விரு ஊர்களும் பெரும்பாலும் ஒன்றாயிருக்கும், அல்லது திருமணத்தால் வேறுபடும். கொக்கிளாயைப் பொறுத்தவரையில் இவ்வாய்பாடு வரலாறாகிவிடுகின்றது. பிறப்பிடம் கொக்கிளாய், வதிவிடம் முள்ளியவளை என்றோ, வவுனியா என்றோ, கடல்கடந்த நகரொன்று என்றோ அச்சில் வரும்போது, அவ்விரு சொற்களுக்கும் இடையே 1984 கிடக்கின்றது. ஊருக்குள் எவரும் கால்வைக்க இயலாதிருந்த ஆண்டுகளில், ஊரின் பெயர் பிழையின்றி எழுதப்பட்டு, திகதியிடப்பட்டு, பல படிகளாகப் பெருக்கப்பட்டு வீடுகள்தோறும் சென்றது இவ்வழியிலேயே. எவரும் திட்டமிடாமல் ஒரு கிராமம் தனது ஆவணக்காப்பகத்தைத் துண்டு துண்டாக அச்சிட்டு வந்திருக்கின்றது எனலாம்.

4

இக்கூற்றினை வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்குதல் அவசியமாகும். தமிழ் எழுத்தில் அமைந்த முதல் அச்சுநூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் அச்சகம் நிறுவினர். வடபகுதியில் அமெரிக்க மிஷனின் மானிப்பாய் அச்சகம் 1834இலும், ஆறுமுக நாவலரின் வண்ணார்பண்ணை அச்சகம் 1849இலும் இயங்கத் தொடங்கின. இவை மதப் போட்டியின் கருவிகளாகத் தோன்றியபோதும், எழுத்து ஒரு சிறு வட்டத்தினரின் உடைமையாக இருந்த நிலையை அசைத்தன. தொட்டால் ஒடியும் ஏடுகளைக் கண்டு தமது பதிப்புரைகளிலே வருந்திய சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஏடு ஒன்று அழிந்தால் நூலே அழியும் என்ற அச்சத்தை அச்சு நீக்கிற்று. அச்சின் வலிமை தாளின் வலிமையிலன்று, படிகளின் பன்மையிலும் அவை சிதறிக் கிடப்பதிலும் தங்கியுள்ளது என்பதை அக்காலப் பதிப்பாசிரியர் நன்குணர்ந்திருந்தனர்.

1885ஆம் ஆண்டில் இலங்கையின் குடியேற்ற அரசு, அச்சிடுவோரும் வெளியிடுவோரும் நூலிலே தம்மை இனங்காட்டவும், அச்சான நூல்கள் பதிவுசெய்யப்படவும் வேண்டுமெனக் கட்டளைச் சட்டம் இயற்றிற்று. அரசின் நோக்கம் கண்காணிப்பே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விளைவு இரட்டைத் தன்மையது. யார் எழுதினார், எங்கு அச்சாயிற்று, எந்த ஆண்டு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தாங்காத எழுத்து முழுமையான நூலாகாது என்ற ஒழுங்கு நிலைபெற்றது. இன்று நாம் நூல்விபரப் பட்டியல் தயாரிப்பதும், முதற்பதிப்பையும் திருத்திய பதிப்பையும் ஒப்பிடுவதும், ஒருவரின் கூற்றை ஆண்டு சுட்டி மறுப்பதும் இவ்வொழுங்கின் மீதே நிகழ்கின்றன. ஆள்வோர் தம் பாதுகாப்புக்காகச் செய்தது ஆளப்படுவோரின் நினைவுக்கும் அரணாயிற்று.

வன்னியின் நிலை இதிலிருந்து ஓரளவு வேறுபட்டது. அச்சு இங்கு பிந்தியே வந்தது. வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டைச் சூழ்ந்த சிலம்பு கூறல் போன்ற மரபுகளில் ஏடும் குரலும் இணைந்து நெடுங்காலம் செயற்பட்டன. அத்தகைய சமூகத்தில், நாட்டுப்புறக் கவிராயர் ஒருவர் யாத்த இரங்கற்பா அச்சேறி ‘கல்வெட்டு’ எனப் பெயர்பெற்றபோது, தாள் கல்லின் இடத்தை வேண்டி நின்றது. மன்னர்க்கும் கோயிலுக்கும் உரியதாயிருந்த நிலைபேற்றினை மீனவனும் கமக்காரனும் தமக்கும் கோரினர் என்றே இப்பெயரீட்டை நாம் விளங்கிக்கொள்கின்றோம்.

5

வன்னி மண் நவீன இலக்கியத்துள் நுழைந்ததும் அச்சின் வழியாகவே. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்தது. இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அப்பத்தாண்டில், உள்நாட்டு எழுத்துக்கு ஒரு சந்தை தோன்றிற்று. கொழும்பின் வணிக நிறுவனம் ஒன்று குறைந்த விலையில் ஈழத்து நாவல்களை ஊர்தோறும் கொண்டுசெல்ல முன்வந்தமைக்கு இச்சூழலும் காரணமாகும். தனித்திறனும் வர்க்க நலனும் அரசின் பொருளாதாரக் கொள்கையும் சந்தித்த ஒரு புள்ளியிலேதான் காட்டோரக் குளத்துக் குடியானவன் நாவலின் பாத்திரமானான். தண்ணிமுறிப்பு மக்களும் 1984இல் இடம்பெயர்ந்தனர். நாவல் காட்டிய வாழ்க்கை அந்நிலத்தில் அற்றுப்போயிற்று. நாவல் இருக்கின்றது. எண்ணிம வடிவிலும் இன்று அது வாசிக்கக் கிடைக்கின்றது.

அச்சுக்கு வந்த இடர்களையும் மறந்துவிடுதல் தகாது. 1981ஆம் ஆண்டு மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1990இன் பின்னர் வடபகுதி மீதான பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் கிடைத்தற்கரிதாயிற்று. கோடிட்ட பயிற்சிக் கொப்பித் தாளிலும் நிறத்தாளிலும் பத்திரிகைகள் அச்சாயின. அந்நிலையிலும் அச்சு நிறுத்தப்படவில்லை என்பதே கருதற்பாலது. பின்னர், 2022 மார்ச்சில், நாடு தழுவிய பொருளாதார நெருக்கடியில் தாளும் மையும் இன்றி மேல்மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளேடுகள் தமது சனிக்கிழமை அச்சுப் பதிப்புகளை இடைநிறுத்தின. வடபகுதி மக்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன் அறிந்திருந்த தாள் தட்டுப்பாட்டைத் தென்னிலங்கையும் அப்போது அறிந்தது. அச்சு வானத்திலிருந்து வருவதன்று. இறக்குமதியும் அந்நியச் செலாவணியும் உழைப்பும் அதன் பின்னால் உள்ளன.

6

இனி இலத்திரனியல் ஊடகத்தை நோக்குவோம். அதன் சாதனைகளை மறுப்பது பிற்போக்காகும். சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடக்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகின் எம்மூலையிலும் இலவசமாக வாசிக்க வழிசெய்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி வருகின்றது. என். செல்வராஜா 2002 முதல் வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ தொகுதிகள், தொகுதியொன்றுக்கு ஆயிரம் என்ற வகையில் ஈழத்து நூல்களை விபரப்படுத்துகின்றன. யாழ்ப்பாண நூலகத்தை எரித்தோர் நினைத்திருக்க முடியாத மீட்பு இது. ஆயின் இம்மீட்பு எதனால் இயன்றது என்பதே நமது வினா. அச்சடித்த படிகள் தனியார் வீடுகளிலும் புலம்பெயர்ந்தோர் பெட்டிகளிலும் சிதறிக் கிடந்தமையாலேயே வருடுவதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தது. எண்ணிம நூலகம் அச்சின் பகையன்று. அது அச்சின் சிதறலைத் திரட்டும் கரம்.

மறுபுறத்தில், கணினியிலேயே பிறந்து கணினியிலேயே வாழ்ந்த எழுத்தின் கதி யாது? 1990களிலும் அதற்குப் பின்னரும் நம்மவர் பெருவாரியாகப் பயன்படுத்திய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களைப் பொருத்தி அமைந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்காலக் கோப்பொன்றினைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றியவை பிழைத்தன. மாற்றப்படாதவை பூட்டிய பெட்டிகளாயின. அதே ஆண்டில் அச்சான ஒரு கல்வெட்டினை எழுத்தறிந்த எவரும் இன்றும் வாசிக்கலாம்.

2009 நமக்கு முள்ளிவாய்க்காலின் ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில் அமேசன் நிறுவனம், பதிப்புரிமைப் பிணக்கொன்றின் காரணமாக, ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நாவல்களை, பணம் கொடுத்து வாங்கிய வாசகர்களின் மின்வாசிப்புக் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே நீக்கிற்று. நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கோரியது. அதே ஆண்டு அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிற்றீஸ் என்னும் இலவசத் தளத்தை மூடியபோது, அங்கு பலர் ஆர்வத்தோடு எழுதிவைத்திருந்த பக்கங்கள், தமிழ்ப் பக்கங்கள் உட்பட, இடமற்றுப் போயின. இவை தொழில்நுட்பக் கோளாறுகள் அல்ல; உடைமை உறவின் விளைவுகள். மின்னூலை வாங்கியவன் உண்மையில் உடைமையாளன் அல்லன், குடியிருப்பாளனே. வீட்டுக்காரன் நினைத்தால் வெளியேற்றலாம். வெளியேற்றம் என்றால் என்னவென்பதைக் கொக்கிளாய் மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அச்சின் கவர்ச்சி எதிலுள்ளது என்னும் வினாவுக்கு இப்போது நாம் விடை கூறலாம். அச்சிட்ட சொல் பொறுப்பேற்ற சொல். வெளிவந்த பின்னர் அதனைத் திரும்பப் பெறவோ இரவோடிரவாகத் திருத்தவோ இயலாது. கல்வெட்டின் வம்சாவளியில் ஒரு சகோதரியின் பெயர் விடுபட்டால் அது ஆண்டுக்கணக்கில் நீளும் மனத்தாங்கலாகும். கைத்தொலைபேசிச் செய்தியிலே விடுபட்ட பெயருக்கு எவரும் அவ்வளவு வருந்துவதில்லை, மறுகணமே சேர்த்துவிடலாம். அம்மனத்தாங்கலை அற்பமானதென நாம் கருதவில்லை. மாற்ற முடியாது என்பதனாலேயே அச்சுக்குச் செல்லுமுன் முதியோரிடம் கேட்கின்றனர், ஆண்டுகளைச் சரிபார்க்கின்றனர், கடல்கடந்த உறவினரைத் தொலைபேசியில் அழைத்து முறைகளை உறுதிசெய்கின்றனர். இலத்திரனியல் ஊடகமே இவ்விசாரணைக்குக் கருவியாகின்றது. அச்சு அதற்குத் தீர்ப்பாகின்றது. பின்னர் அந்நூல் உணவோடு சேர்த்து, பெயரறிந்த ஒருவர் கையிலிருந்து பெயரறிந்த இன்னொருவர் கைக்குச் செல்கின்றது. பெற்றவர் அதற்குச் சாட்சியாகின்றார்.

7

இவ்விடத்தில் அச்சின் துதிபாடகராக நாம் மாறிவிடுதல் ஆகாது. அச்சு இயல்பாகவே மக்கள் சார்புடையது என்பது வரலாற்றுக்கு மாறானது. ஈழத்தில் எழுத்தாளன் பெரும்பாலும் தன் பணத்தைச் செலவிட்டுச் சில நூறு படிகளை அச்சிடுகின்றான். வெளியீட்டு விழாவில் வசதி படைத்த ஒருவர் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்கின்றார். சிறப்புப் பிரதி பெறுவோர் உறையிலே பணம் வைக்கின்றனர். அச்சகக் கடன் ஓரளவு தீர்கின்றது. நூல் வாசிக்கப்பட்டதா என்பதை எவரும் வினவுவதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ‘மல்லிகை’யை நடத்தி, அதனைத் தானே சுமந்து தெருத்தெருவாக விற்ற டொமினிக் ஜீவா போன்றோர், அச்சு ஓர் அலங்காரப் பொருளாவதை எதிர்த்துத் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். அவர்கள் பொதுவிதிக்கு விலக்குகளாகவே இருந்தனர்.

கல்வெட்டும் இக்குறையிலிருந்து விடுபட்டதன்று. வழவழப்பான தாளும் பலவண்ணப் படங்களும் செல்வத்தின் விளம்பரங்களாகின்றன. பெண்ணின் வரலாறு கணவனதும் மக்களதும் பெருமைக்குள் ஒடுங்கிவிடுகின்றது. கருவாடு காயவைத்தும், வயலில் களைபிடுங்கியும், இடம்பெயர்ந்த குடிசையில் பிள்ளைகளை வளர்த்தும் அவள் செய்த உழைப்பு ‘பாசமிகு’ என்ற அடைமொழியுள் மறைகின்றது. அச்சிடப் பணமற்றோர் அச்சிலேறாமலே போகின்றனர்.

இவற்றினும் பாரிய ஓர் இன்மை உண்டு. கல்வெட்டுக்குத் திதி வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோருக்குத் திதி இல்லை. 2017 தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தெருவோரத்தில் அமர்ந்து தொடர்போராட்டம் நடத்திய தாய்மார் தம் பிள்ளைகளின் அச்சிட்ட நிழற்படங்களை மடியில் ஏந்தியிருந்தனர். மரணச் சான்றிதழை ஏற்க மறுப்போர் அவர்களுட் பலர். ஏற்றுக்கொண்டால் திதி குறிக்கலாம், கல்வெட்டும் அச்சிடலாம். ஆயின் அது நிரூபிக்கப்படாத ஒன்றுக்குப் பொறுப்பேற்பதாகும். 2023 ஜூனில், கொக்கிளாய்க்கு அண்மையிலுள்ள கொக்குத்தொடுவாயில், நீர்க்குழாய் பதிப்பதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ்வு நடந்தது. அவ்வெச்சங்களுக்குப் பெயரும் திகதியும் கிடைக்கும்வரை எழுத இயலாத கல்வெட்டுகள் பல இப்பகுதி வீடுகளிலே காத்துக் கிடக்கின்றன. அச்சின் கண்டிப்பு இவ்விடத்தில் குறையன்று. உண்மை நிறுவப்படாமல் துக்கத்தை முடித்துவைக்க அது இடங்கொடுப்பதில்லை. அத்தாய்மார் கேட்பதும் அதுவே.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். இலத்திரனியல் யுகத்தில் அச்சு நிலைத்து நிற்பதற்குப் பழம்பொருட் பற்றினைக் காரணமாகக் காட்டுவது வசதி படைத்த வாசகனின் விளக்கமே. நிலத்தையும் உறவையும் உயிரையும் இழந்து, இழந்ததற்குச் சான்று கேட்கப்பட்ட சமூகங்கள் அச்சை நாடுவதற்குக் காரணம் வேறு. எவருடைய அனுமதியுமின்றி வைத்திருக்கக்கூடிய, எவராலும் தொலைவிலிருந்து மாற்றவியலாத, பொறுப்பாளர் பெயரும் திகதியும் தாங்கிய சொல் அவர்களுக்கு வேண்டியிருக்கின்றது. அச்சு அதனைக் கொடுக்கின்றது. ஆயின் ஒரே இடத்தில் குவிந்த அச்சு எரிந்துபோகும் என்பதை 1981 கற்பித்தது. ஒரே நிறுவனத்தின் கையில் குவிந்த மின்னெழுத்து மறைந்துபோகும் என்பதை 2009 கற்பித்தது. இரு பாடங்களும் ஒன்றே. எண்ணிமமோ அச்சோ என்ற தெரிவு போலியானது. பல படிகள், பல கைகள், பல இடங்கள் என்பதே நாம் பற்றிக்கொள்ள வேண்டிய நெறி.

இந்நெறி பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு கடமையைச் சுட்டுகின்றது. சங்க இலக்கியத்தையும் காவியங்களையும் ஆராயும் நாம், நம் மாணவர் பலரின் வீடுகளிலேயே கிடக்கும் கல்வெட்டுகளைத் திரட்டியதில்லை. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, தண்ணிமுறிப்பு முதலாய இடம்பெயர்ந்த கிராமங்களைப் பிறப்பிடமாகக் குறிப்பிடும் கல்வெட்டுகளை ஆண்டு வாரியாகத் தொகுத்தால், எந்த அரச ஆவணத்திலும் ஒருங்கே காணவியலாத குடிப்பரம்பல் வரலாறு ஒன்று கிடைக்கும். யார் எப்போது எவ்வூருக்குச் சென்றனர், எத்தொழில் செய்தனர், எக்குளத்தின்கீழ் வயல் வைத்திருந்தனர், எப்பாடசாலையிற் படித்தனர் என்பன அவற்றிலே எழுதப்பட்டுள்ளன. புகழுரைகளைக் கழித்து நோக்கும் பயிற்சி திறனாய்வாளனுக்கு உண்டு. திரட்டியவற்றை எண்ணிமப்படுத்தி உலகுக்கு வழங்க வேண்டும். அத்துடன் நின்றுவிடாது, அவற்றின் விபரப்பட்டியலை அச்சிட்டு அவ்வக் கிராமத்துப் பாடசாலையிலும் வாசிகசாலையிலும் வைக்க வேண்டும். கொக்கிளாயின் வரலாறு கொழும்பிலும் இலண்டனிலும் மட்டும் வாசிக்கக் கிடைத்தாற் போதாது. கொக்கிளாயிலும் அது கையில் எடுத்துப் புரட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

அவ்வாறு அச்சாகும் பட்டியலின் இறுதியில் சில பக்கங்களை வெறுமையாக விடவும் வேண்டும். இன்னும் திதி குறிக்கப்படாதோரின் பெயர்களை எழுதுவதற்கு அவ்விடம் தேவைப்படும்.